ஸ்கேன் படத்துக்கு ஒரு பூச்சு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தட்டாஞ்சாவடி அச்சகங்களில் ஒருத்தரிடமும் வாய் கொடுக்க முடியாது. மை காயாது. அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முருகன் முகம் மேல் தாளின் முதுகில் போய் உட்கார்ந்திருக்கும். காலண்டர் ஆர்டர் எடுத்தவர்கள் போனில் கத்துவார்கள், முதலாளி மேனேஜரிடம் கத்துவார், மேனேஜர் மழையைத் திட்டுவார். மழைக்கென்ன, அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூச்சலில் அமைதியாக இருப்பவன் ஜோசப் ஆனந்து ஒருவன்தான். அவன் கோட்டிங் மெஷினில் நிற்பவன். மற்றவர்கள் அச்சடித்துத் தள்ளுவதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசி, விளக்கடியில் ஓடவிட்டுக் காயவைத்து அனுப்புவது அவன் வேலை. கல்யாணப் பத்திரிகை, சாமி படம், ஊதுவத்தி அட்டை எல்லாம் அவன் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். பூச்சைச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு, அடியிலிருக்கும் ஓட்டை வழியாக அது ஒழுகும் வேகத்தைப் பார்த்தே, “தண்ணி ஜாஸ்தி” என்றோ “இன்னிக்கி ஓட்டாத, பிசுபிசுன்னு நிக்கும்” என்றோ சொல்லிவிடுவான். பத்து வருஷத் தொழில். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் இருந்தது அவனுக்குக் கொடுப்பினை?

நெல்லித்தோப்பில் ஒரு கூடமும் சமையற்கட்டுமாக வாடகை வீடு. அம்மா ஸ்டெல்லாமேரி கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையல் வேலை. மனைவி சிந்தியா ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. போன கோடையில், ஏழாம் மாதத்தில், அவளுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது. பிள்ளை அசையவில்லை என்று அவள்தான் முதலில் சொன்னாள். டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தாயைத்தான் மீட்க முடிந்தது.

பெண் குழந்தை. சிந்தியாவுக்கு நினைவு திரும்புவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. “தாய்க்குக் காட்டாதீங்க, காட்டினா மனசுல ஒக்காந்துக்கும்” என்று பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் சொன்னார்கள். எப்போதும் இப்படித்தான், அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு எல்லாரிடமும் மருந்து இருக்கும். ஸ்டெல்லாமேரி மருமகளின் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆனந்து மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றியதை ஏந்திக்கொண்டு ஆட்டோவில் உப்பளம் கல்லறைக்குப் போனான். சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற மதிலோர இடத்தில் வைத்துவிட்டு வந்தான். மரச் சிலுவையில் பெயர் இல்லை. ‘ஆனந்த் - சிந்தியா குழந்தை’ என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிறது.

பிள்ளையின் முகமென்று சிந்தியாவிடம் மிஞ்சியது ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த உள்ளங்கை அகலத் தாள் ஒன்றுதான். கறுப்பில் சாம்பல் நிறமாக ஒரு நெற்றி, ஒரு மூக்கு, வாயருகே மடங்கிய விரல்கள். அந்தப் படத்தைப் பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே ஸ்டெல்லாமேரி பிடுங்கித் தன் ஜெபப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தாள். போனில் போட்டோ எடுக்கவும் விடவில்லை, கண் பட்டுவிடுமாம். படாத கண்ணுக்குப் பயந்து பூட்டி வைத்தது என்னவாயிற்று என்று பிறகு அவளும் அழுதிருக்கிறாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் படத்தை வைத்துத்தான் பேச்சு வந்தது. வெளியே மழை. கெழங்கா மீன் குழம்பும் சோறுமாக மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சிந்தியா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்திலிருந்து படத்தை எடுத்து வந்தாள்.

“மாமா, இத பாரு. வெளுத்துகினே வருது.”

ஆனந்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

“முன்ன விரலு தனித்தனியா எண்ணலாம். இப்ப ஒண்ணா கலங்கிப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல மூக்கும் போயிடும்.”

“அதான் ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் போட்டுக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்” என்றாள் ஸ்டெல்லாமேரி. “என் ஆதாரு, ரேஷன் கார்டு, உங்கப்பன் சாவு சர்ட்டிபிகேட்டு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். புயலப்ப வூட்டுக்குள்ள தண்ணி வந்து மெதந்துச்சி. ஒண்ணு ஆச்சா அதுக்கு?”

“எம்மா, அத மட்டும் செஞ்சிடாத. இது மை வெச்சி அடிச்ச படம் இல்ல. சூடு காட்டி வரவெச்ச படம். லேமினேஷன் மெஷின்ல வுட்டா சூட்டுல மொத்தமா கறுத்துடும்.”

“அப்ப பிளாஸ்டிக் கவர்ல போட்டு வையி.”

“அதுவும் ஆவாது. கவரு உறிஞ்சிடும். பஸ் டிக்கெட்ட பர்ஸுல வெச்சிப் பாத்ததில்ல நீ?”

“எத சொன்னாலும் ஆவாதுங்குற. பின்ன இன்னாதான் ஆவும்?” என்றாள் கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சிந்தியா இருவரையும் பார்த்தாள். “திருநாளன்னிக்கு எல்லாக் கல்லறையிலயும் ஒரு மொகம் இருக்கும். மாமனாருக்குக் கூட கல்லுல பதிச்சி வெச்சிருக்கோம். என் பிள்ளைக்கு மட்டும் வெறும் மண்ணு. நான் இதத்தான் அங்க வெக்கப்போறேன். சாமியாரு தீர்த்தம் தெளிப்பாரு, மெழுகு வழியும், மழ வேற. ஒண்ணும் ஆவாத மாதிரி நீ எனக்குப் பண்ணித் தா.”

“போன்ல ஒரு போட்டோ எடுத்து, நல்ல அட்டையில பிரிண்டு போட்டுத் தர்றேனே. கண்ணாடி கணக்கா கோட்டிங் பண்ணி...”

“வேணாம். அது படத்தோட படம்.” அவள் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். “இது, அது உசுரோட இருக்கும்போது அதுகிட்டேந்து வந்தது மாமா. அது உள்ள அசைஞ்சிகினு இருந்துச்சி, இது வெளிய வந்துகினு இருந்துச்சி. எனக்கு இதான் வேணும்.”

ஆனந்து படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் ஒன்று கேட்டிருக்கிறாள். அதுவும் அவனுக்குத் தெரிந்த தொழிலில். அன்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம்.

அவன் மனத்தில் வேறொரு முள்ளும் இருந்தது. பூச்சு நாற்றம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்று, அவள் முழுகாமல் இருந்தபோது தினமும் அச்சகக் குழாயடியிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். அப்படியும் அந்த நாற்றந்தான் பிள்ளையைக் கொண்டுபோயிற்றோ என்று கேட்டுக் கேட்டு மாய்ந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியும் விட்டார். மனசு கேட்டால்தானே.

மறுநாள் ஆப்செட் மெஷின் ஓட்டும் இளம்பரிதியிடம் சொன்னான். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

“அக்வஸ் பூசு மச்சான். தண்ணி பூச்சு, சூடு காட்டாம காத்துலயே காஞ்சிடும்” என்றான் இளம்பரிதி. “ஆனா மெஷின்ல வுடாத. ரோலரு இழுத்துக்கும்.”

“மெஷின்ல எவன் வுடப் போறான்? கையாலதான். மேட்டு பூசப்போறேன், மினுக்காத பூச்சு. பளபளன்னு இருந்தா மெழுகுவத்தி வெளிச்சம் அடிக்கும், மொகம் தெரியாது.”

“முன்ன ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்க.”

தொட்டுப் பார்க்காமல் செய்கிற ஆளா அவன்? காலாப்பட்டு பஸ் டிக்கெட் ஒன்று, ஏ.டி.எம். சீட்டு ஒன்று, இரண்டும் அதே சூடு காட்டுகிற தாள்தான், இரண்டிலும் பூச்சு வேலைக்கு வழக்கமாக வைத்திருக்கும் பழைய பிரஷ்ஷால் மேட் பூச்சை ஒரு கை இழுத்தான். மேசை விசிறிக்கு முன் வைத்தான். எழுத்து அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் குழாயடியில் காட்டினான், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. விரலால் தேய்த்துப் பார்த்தான். இளம்பரிதியைக் கூப்பிட்டுக் காட்டினான். வீட்டுக்குப் போய் சிந்தியாவுக்கும் காட்டினான். அவள் அந்த பஸ் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது” என்றாள். சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனாலும் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் ஆனந்து படத்தை எடுத்தான். மேசையைத் துடைத்தான், புது வெள்ளைத் தாள் விரித்தான். பழைய பிரஷ் இந்தக் காரியத்துக்கு வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதில் எத்தனையோ ஊதுவத்தி அட்டையும் மதுப்புட்டி லேபிளும் பட்டிருக்கும். பிள்ளைக்குப் புதுசாக இருக்கட்டும் என்று நேரு வீதியில் படம் வரைகிற சாமான் விற்கும் கடையில் மிருதுவான பிரஷ் ஒன்று வாங்கி வந்திருந்தான். புது மயிரில் எண்ணெய்ப் பசை இருக்கும், பூச்சு திட்டுத்திட்டாக விழும். அதனால் ரோலர் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் அதை முக்கி அலசினான். ஒரு முறைக்கு இரண்டு முறை அலசினான். உதறினான், பழந்துணியில் ஒற்றினான், ஊதிப் பார்த்தான். மழைக் காற்றில் எதுதான் சீக்கிரம் காய்ந்தது? மயிரின் வேரில் ஸ்பிரிட் நின்றுகொண்டிருந்தது.

“போன்ல ஒண்ணு எடுத்து வெச்சிக்க மச்சான், எதுக்கும்” என்றான் இளம்பரிதி சோற்று டப்பாவைத் திறந்தபடி. ஆனந்து அவசரமாக ஒன்று எடுத்தான். பிறகு பிரஷ்ஷைப் பூச்சில் தோய்த்து, நெற்றிப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தான்.

பிரஷ் போன வழியெல்லாம் சாம்பல் நிறம் ஏறியது. ஈரந்தான், காய்ந்தால் தெளிந்துவிடும் என்று நினைத்து ஒரு கணம் பார்த்தான். தெளியவில்லை. சாம்பல் கறுப்பானது. கறுப்பு நெற்றியைத் தின்று, மூக்கில் இறங்கி, விரல்களுக்குப் போனது. துணியால் ஒற்றினான். ஒற்றிய இடத்தில் இன்னும் வேகமாகப் பரவியது. சூட்டுக்கு மட்டுமல்ல, ஸ்பிரிட் பட்டாலும் அந்தத் தாள் கறுக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் அவன் பூசியதெல்லாம் மையில் அச்சடித்தவை. மையில்லாத படத்தைத் தன் சொந்தப் பிள்ளைக்காகத்தான் முதன்முதலில் தொட்டான்.

“மச்சான்... மச்சான், இங்க வாயேன்.”

இளம்பரிதி கையில் சோற்றுப் பருக்கையோடு ஓடி வந்தான். பார்த்தான். பிரஷ்ஷை மூக்கருகில் வைத்து மோந்தான். “ஸ்பிரிட்டுலயா கழுவுன?” என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று வாயை மூடிக்கொண்டான்.

ஆனந்து போனைத் திறந்தான். அவசரத்தில் எடுத்த படத்தில் மேலேயிருந்த டியூப்லைட் பளபளத்த தாளில் விழுந்து, நெற்றியிலிருந்து வாய்வரை வெள்ளையாக ஒரு பட்டை. அதற்கு இந்தப் பக்கம் காதோ தோளோ கொஞ்சம் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவனை மெஷினில் நிற்கவிடாமல் இளம்பரிதியே பார்த்துக்கொண்டான். “நான் வரட்டா வூட்டுக்கு?” என்றும் கேட்டான். ஆனந்து வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, மழையிலேயே சைக்கிளை மிதித்தான்.

வீட்டில் ஸ்டெல்லாமேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிந்தியா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“காஞ்சிடுச்சா மாமா?”

அவன் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

“இதுல எது தல பக்கம்?”

அவன் விரலை வைத்துக் காட்டினான். அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஸ்டெல்லாமேரிக்கு விஷயம் புரிந்ததும் முறத்தைத் தூக்கி எறிந்தாள். “அடப்பாவி! ஊருக்கெல்லாம் பூசி அனுப்புற, பெத்த பிள்ள படத்துக்கு ஒரு கை பூச வக்கில்லையா ஒனக்கு? இத வெச்சிக்கினுதான இந்தப் பொண்ணு ராத்திரி கண்ண மூடுது? ஐயோ மாதாவே...”

“அத்தே, வுடு” என்றாள் சிந்தியா. “வேணும்னா செஞ்சாங்க?”

அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தாங்கியிருக்கும். கறுத்த தாளை ஜெபப் புத்தகத்துக்குள் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சிதறின அரிசியைக் கூட்டி அள்ளினாள். அன்றும் மறுநாளும் அவனோடு சாதாரணமாகத்தான் பேசினாள். சோறு போடட்டுமா, சட்டை காயல, குடை எடுத்துக்க. அதற்கு மேல் பேச்சில்லை.

திருநாள் காலையில் ஸ்டெல்லாமேரி அடுப்படியில் தடுமாறிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் புருஷனுக்குப் பிடித்ததைச் செய்து இரண்டு ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போவாள். வறுத்த கோழியும் ரொட்டியும் தயாராக இருந்தன.

“சின்னதுக்கு இன்னா செய்யிறதுன்னு தெரியல” என்றாள் தனக்குத்தானே. “ஒரு வாய் பாலு கூட குடிச்சதில்ல. அதுக்கு இன்னா புடிக்கும்னு யாரக் கேக்குறது?”

“மாங்கா” என்றாள் சிந்தியா.

கிழவி திரும்பிப் பார்த்தாள்.

“நான் மாங்கா துன்னா உள்ள ஒதைக்கும் அத்தே. வேற எது துன்னாலும் சும்மா இருக்கும்.”

ஐப்பசியில் மாங்காய்க்கு எங்கே போவது? ஸ்டெல்லாமேரி தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். கடைக்காரன் யானை விலை சொல்லியிருப்பான், எப்படியோ இரண்டு காயோடு வந்தாள். கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

உப்பளம் கல்லறையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் விற்கிறவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் ஒண்டியிருந்தார்கள். உள்ளே வாளியும் துடைப்பமுமாக ஆட்கள் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சில் எழுத்து வெட்டிய பழைய கல்லறைகளில் மட்டும் பாசி. மற்றதிலெல்லாம் மாலை போட்ட போட்டோக்கள்: மீசைக்காரர்கள், பட்டுச்சேலைக்காரிகள், பைக்கில் சாய்ந்து நிற்கும் ஒரு பையன். ஸ்டெல்லாமேரி புருஷனின் கல்லறைக்குப் போய்விட்டாள். ஆனந்தும் சிந்தியாவும் மதிலோரம் போனார்கள்.

அந்தச் சின்ன மேடு மழையில் பாதி கரைந்திருந்தது. ஆனந்து மண்ணை அணைத்துக் கட்டினான். சிந்தியா மாங்காய் டப்பாவை வைத்தாள், இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள், தூறலுக்கு மறைவாகக் குடையைச் சாய்த்துப் பிடித்தாள். பக்கத்துக் கல்லறையில் ஒரு அம்மாள் பேரக்குழந்தையின் போட்டோவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா.”

“ம்.”

“ஒண்ணு கேக்கணும். இவ்ளோ நாளா கேட்டதில்ல. அந்தப் படம் இருந்துச்சி, அத வெச்சிகினு இருந்துட்டேன்.” அவள் சிலுவையைப் பார்த்தபடியே பேசினாள். “நான் பாக்கலன்னாலும் நீ பாத்தியே. அதுல எனக்கு ஒரு ஆறுதல். இப்ப சொல்லு. மொகம் எப்படி இருந்துச்சி?”

ஆனந்து மண்ணில் வைத்த கையை எடுக்கவில்லை. மூக்கு உன்ன மாதிரி, நெத்தி எங்கம்மா மாதிரி என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வாயைத் திறந்தான். அவள் திரும்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் வரவில்லை.

“நான் பாக்கல சிந்தியா.”

“இன்னா?”

“துணிய நான் தெறக்கவே இல்ல. சுத்திக் குடுத்தாங்க, அப்படியே வாங்கிகினு வந்துட்டேன். ஆட்டோவுல வரும்போது தெறக்கலாம்னு ரெண்டு மூணு வாட்டி கை போச்சி. பாத்துட்டா அப்புறம் குழியில வெக்க முடியாதுன்னு...” அவன் மண்ணை இறுகப் பிடித்தான். “முடியாது சிந்தியா. பாத்திருந்தா என்னால வெச்சிட்டு வந்திருக்க முடியாது.”

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். சிலுவையில் எழுதியிருந்ததை வாசித்தார், ஜெபம் சொன்னார், தெளித்தார், அடுத்ததற்கு நகர்ந்தார். ஒரு மெழுகுவத்தி அணைந்துபோயிற்று.

“அப்ப நம்ம பிள்ளய நம்மள்ல யாருமே பாக்கல” என்றாள் சிந்தியா.

அவன் தேம்பினான். ஆறு மாதமாக அழாதவன், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பக்கத்து அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சிந்தியாவுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வந்துமிருந்தது. ஆனால் அதையும் தாண்டி அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

“மடியிலயா வெச்சிகினு வந்த?”

“கையில. ரெண்டு கையில.”

“எவ்ளோ கனம் இருந்துச்சி?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“எனக்கு அதுவும் தெரியாது மாமா. உள்ள இருக்கும்போது எது அதோட கனம், எது என் கனம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான தூக்குன.” குடையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினாள். “காட்டு.”

ஆனந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மண் ஒட்டிய தன் கையை முழங்கையிலிருந்து விரல்வரை அவள் கைகளில் கிடத்தினான். அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு, இல்லை, இவ்வளவு இல்லை என்று கொஞ்சம் தளர்த்தினான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். எவ்வளவு குறைத்தாலும் அது அதிகமாகவே இருந்தது.

“இவ்ளோதான்” என்றான் கடைசியில்.

அவள் கைகள் லேசாகத் தாழ்ந்து, மறுபடி உயர்ந்து, அந்த அளவில் நின்றன. தூறல் இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. அவன் கையை எடுக்கப் போனான்.

“எடுத்துடாத” என்றாள். “கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும்.”